கொழுத்தவனுக்குக் கொள்ளு

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியைக் கேளாத தமிழர் அரிது. புதுச்சேரி நேரு வீதியை ஒட்டிய பெரிய அங்காடியில் இன்று கால் கிலோ கொள்ளு கேட்டால், 'உடம்பு குறைக்கவா?' என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. நாம் சிறுவராக இருந்தபோது அதே அங்காடியில் எழுந்த கேள்வி வேறு: 'மாட்டுக்கா, வீட்டுக்கா?' இந்த இரு கேள்விகளுக்கு இடையில் ஒரு தானியத்தின் மதிப்பு தலைகீழாக மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் நாம் எதைப் பெற்றோம், எதை மறந்தோம் என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயரைக் கவனிப்போம். ஆங்கிலேயர் இதைக் குதிரைத் தானியம் என்றழைத்தனர். தானியம் என்ற பொருளுடைய போர்த்துக்கீசியச் சொல் ஆங்கிலத்தில் 'கிராம்' ஆகி, சென்னை மாகாணத்தில் கொள்ளைக் குறிக்கும் வழக்காயிற்று. பாளையத்துக் குதிரைக்கு இட்ட தீவனமே அவர்கள் கண்ணில் பட்டது. ஆனால் தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள் வாழ்ந்த பெல்லாரிப் பகுதியின் சங்கனகல்லு போன்ற இடங்களில், நாலாயிரம் ஆண்டுகள் பழமையான மண்ணிலிருந்து கரிந்த கொள்ளு மணிகள் கிடைத்துள்ளன. சிறுதானியங்களோடும் பாசிப்பயற்றோடும் கொள்ளும் அம்மக்களின் அடிப்படை உணவாக இருந்தது. நெல் அங்கே பரவியது அதற்குப் பின்னர்தான். குதிரை தென்னாட்டில் பெருகியதும் பின்னர்தான். குதிரைக்கு முன்பே மனிதன் உண்ட ஒன்றுக்குக் குதிரையின் பெயர் வந்து சேர்ந்தது வரலாற்றின் விளையாட்டு எனலாம்.

சங்க இலக்கியம் கொள்ளை மனித உணவாகவே அறிந்திருந்தது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் வரகு, தினை, கொள், அவரை ஆகிய நான்கைச் சொல்லி, இவையன்றி உணவு வேறில்லை என்கிறார். அகநானூற்றின் 37ஆம் பாடலில் கொள்ளும் பயறும் பாலில் கலந்து சமைத்த மிதவை வருகிறது. களத்தில் உழைத்தவர் கை நிறைய வாங்கி உண்ணும் கூழ் அது. பறம்பின் வளத்தைப் பாடும் கபிலருக்கும் கொள் விளையும் அகன்ற நிலம் நினைவுக்கு வருகிறது. தென்மாவட்டங்களில் இன்றும் கொள்ளுக்குக் காணம் என்று பெயர். சங்க காலத்தில் புலவர் பெற்ற பொன்னுக்கும் காணம் என்றே பெயர். ஒரே சொல் ஏழையின் கலயத்திலும் அரசனின் கருவூலத்திலும் இருந்தது.

ஐரோப்பியத் தாவர நூல்களில் இச்செடி பட்ட பாடும் சுவையானது. 1786இல் பாரிசில் லமார்க் இதற்கு 'டோலிகோஸ் யூனிஃபுளோரஸ்' என்று பெயரிட்டார். புதுச்சேரியில் பல்லாண்டு பணியாற்றிய சொன்னேரா திரட்டிய செடிகள் பல லமார்க்கின் ஆய்வுக்குப் பயன்பட்ட காலம் அது. எனினும் லின்னேயஸ் வேறொரு செடிக்கு இட்ட 'டோலிகோஸ் பைஃபுளோரஸ்' என்ற பெயரே நெடுங்காலம் கொள்ளின்மேல் தவறாக ஒட்டிக்கொண்டிருந்தது. 1970இல் வெர்ட்கோர்ட் என்ற தாவரவியலாளர் இதனை 'மாக்ரோடைலோமா' என்னும் இனத்தில் சேர்த்த பிறகே குழப்பம் தீர்ந்தது. அந்தப் பிழைப்பெயரை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

இனிப் பழமொழிக்கு வருவோம். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு இன்று சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். நூறு கிராம் கொள்ளில் புரதம் ஏறத்தாழ 22 கிராம். கொழுப்பு அரை கிராம் அளவே. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் நிறைவாக உண்டு. இவை மறுக்க இயலாதவை. ஆனால் அதன் ஆற்றல் சுமார் 320 முதல் 330 கலோரி. துவரம்பருப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். நார்ச்சத்தும் புரதமும் மிகுந்த எந்தப் பருப்பும் பசியைச் சற்று நேரம் தாங்கும். அந்த அளவில் எடை குறையத் துணைநிற்கும். சேர்ந்த கொழுப்பை உருக்கும் தனி வித்தை கொள்ளுக்கு இருப்பதாக மெய்ப்பிக்கப்படவில்லை. சிறுநீரகக் கல்லைப் பற்றிய பேச்சும் இவ்வாறே. சரக, சுசுருத சங்கிதைகள் இருமல், விக்கல், மூலம், கல்லடைப்பு ஆகியவற்றுக்குக் கொள்ளைப் பேசுகின்றன, மரபு பழையது. இக்கால ஆய்வுகளோ பெரும்பாலும் சோதனைக் குழாயிலும் எலிகளிலும் நிகழ்ந்தவை. கொள்ளுக் கஞ்சியை நம்பி மருந்தை நிறுத்தும் சர்க்கரை நோயாளியும், வலியைப் பொறுத்துக்கொண்டு கொள்ளுத் தண்ணீர் பருகும் கல்லடைப்பு நோயாளியும் இந்த வேறுபாட்டை அறிந்தாக வேண்டும்.

அப்படியானால் பழமொழி பொய்யா? அன்று என்பதே நம் எண்ணம். அது மருத்துவக் குறிப்பு என்பதைவிடச் சமூகக் குறிப்பு என்றே நமக்குப் படுகிறது. கொள்ளு உண்டவர் மெலிந்திருந்தார், உண்மை. ஆனால் கொள்ளு உண்டதனால் மெலிந்தாரா, மெலிய நேர்ந்த வாழ்வில் கொள்ளைத் தவிர வேறு கிட்டாததனால் உண்டாரா? மழை பொய்த்த செம்மண்ணிலும், உரமற்ற மேட்டு நிலத்திலும், நெல்லும் உளுந்தும் கைவிட்ட இடத்தில் விளைவது கொள்ளு. அதை உண்டவன் விடியலிலிருந்து மாலை வரை உழுதான், இறைத்தான், சுமந்தான். அவனுடைய மெலிவை அவனுடைய பருப்பின் கணக்கில் எழுதிவிட்டோம்.

1876–78 தாது வருடப் பஞ்சம் இதற்கு ஒரு கொடிய சான்று. 1877இல் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமே போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு அரிசி மட்டும் போதாது, கூடுதல் தானியத்தோடு பருப்பும் வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு பிடி பருப்பு உயிருக்கும் சாவுக்கும் இடையில் நின்ற காலம் அது. அதற்கு முன்பே, 1853இல், புதுச்சேரியிலிருந்து 'ஓரேலி' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் தீவை அடைந்திருந்தது. அடுத்த ஆண்டு குவாதலூப்பையும். அந்தத் தலைமுறைகளுக்கு முன்னால் சென்று, உடல் இளைக்க நல்ல உணவு இது என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

கொள்ளுக்கு மருத்துவத்தில் ஐயத்துக்கு இடமில்லாத பெருமை ஒன்று உண்டு. அதை விளம்பரம் செய்வார் இல்லை. 1951இல் புனேயில் பணியாற்றிய பேர்ட் என்ற மருத்துவர், கொள்ளுச் சாறு மனிதக் குருதியின் 'ஏ' வகைச் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதைக் கண்டார். அதில் உள்ள லெக்டின் என்னும் புரதம் தக்க அளவில் நீர்க்கப்பட்டால் 'ஏ1' வகையைத் திரட்டும். 'ஏ2' வகையை விட்டுவிடும். உலகெங்கும் குருதி வங்கிகளில் இந்த உட்பிரிவுகளைப் பிரித்தறிய இது இன்றும் பயன்படுகிறது, 'டோலிகோஸ் பைஃபுளோரஸ்' என்ற அந்தப் பழைய பிழைப்பெயரோடே. பிரெஞ்சியர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது இன்றைய ஜிப்மர். அத்தகைய மருத்துவக் கல்விக்கூடங்களில் பயிலும் நம் பிள்ளைகள் அந்தச் சிறு குப்பியைக் காணும்போது, அது பாட்டி துவையல் அரைத்த கொள்ளுதான் என்று யாரேனும் சொல்வது நல்லது. உண்பதற்கும் இந்தப் பயனுக்கும் தொடர்பில்லை. வேகவைத்தால் அந்தப் புரதம் செயலிழந்துவிடும்.

ஊறவைத்தோ முளைகட்டியோ வேகவைத்துக் கொள்ளை உண்போம். சத்தைத் தடுக்கும் பொருள்கள் அதனால் குறையும் என்பதை அறிவியலுக்கு முன்பே நம் அடுக்களைகள் அறிந்திருந்தன. அடைமழை நாளில் கொள்ளு ரசத்துக்கு ஈடில்லை. ஆனால் அதை உண்ணும்போது மருந்தாக எண்ணி அஞ்சவும் வேண்டாம், மாயமாக எண்ணி ஏமாறவும் வேண்டாம். நமக்கு முன்பு அதை உண்டு உழைத்தவர்களுக்கு இளைப்பது ஒரு நோக்கமாக இருந்ததில்லை; மறுநாளும் எழுந்து நடக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அதற்குக் கொள்ளு உதவியது.