பிட்யூட்டரிச் செல்களும் இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியும்

மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் சுரந்த ஒரு புரதத்துக்கு 1989-இல் ‘இரத்தக்குழாய் எண்டோதீலிய வளர்ச்சிக் காரணி’ என்று பெயரிட்டார்கள். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் விஇஜிஎஃப். இரத்தக்குழாய்களின் உட்சுவரில் ஓடு பாவியதுபோல் அமைந்த எண்டோதீலியச் செல்களைப் பெருகச் செய்வதும், புதுக் குழாய்களைக் கிளைக்கச் செய்வதும் இதன் வேலை. சிவகங்கையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் மதுரைக்குப் பேருந்து ஏறிப்போய்ச் சர்க்கரை நோயாளிகள் கண்ணுக்குள் போட்டுக்கொள்ளும் ஊசி, இந்தப் புரதத்தை முடக்கும் மருந்துதான்.

பிட்யூட்டரி மூளையின் அடியில், எலும்புக் குழி ஒன்றுக்குள் இருக்கிறது. எடை ஏறக்குறைய அரை கிராம். தைராய்டு, அட்ரீனல், சூலகம் எல்லாம் இதன் சொல் கேட்டே நடக்கின்றன. இதன் முன்மடலுக்கு மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியிலிருந்து ஆணை வருவது நரம்பு வழியாக அல்ல, இரத்தத்தின் வழியாக. பிட்யூட்டரித் தண்டில் இறங்கும் அந்தப் போர்ட்டல் குழாய்களை 1930-இல் போப்பாவும் ஃபீல்டிங்கும் விவரித்தார்கள். இரத்தம் கீழிருந்து மேலே போகிறது என்பது அவர்கள் கருத்து. விஸ்லாக்கியும், பிறகு ஜெஃப்ரி ஹாரிஸும் அதைத் திருத்தி, மேலிருந்து கீழே வருகிறது என்று நிறுவினார்கள். முன்மடலின் நுண்குழாய்ச் சுவர்களில் நுண்துளைகள் உண்டு. ஹார்மோன் சுரக்கும் செல்கள் அவற்றை ஒட்டியே அமைந்திருப்பதால், சுரந்தது உடனே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இப்படிக் குழாய்களை நம்பி வாழும் சுரப்பிக்குள் குழாய்களைப் பேணும் ஒரு பொருள் இருந்தே ஆக வேண்டும்.

அந்தப் பொருளைச் சுரக்கும் செல்களைப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1953-இல் ரைன்ஹார்ட்டும் மர்லின் ஃபர்குவாரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முன்மடலைப் பார்த்தபோது, ஹார்மோன் குருணைகளே இல்லாத, நீண்ட கைகளைக் கொண்ட செல்களைக் கண்டார்கள். பின்னாளில் அவை ஃபாலிகுலோஸ்டெலேட் செல்கள் எனப்பட்டன. நட்சத்திரம்போல் கிளைகளை நீட்டி மற்றச் செல்களைச் சூழ்ந்து நிற்பவை. ஹார்மோன் எதையும் சுரக்காததால், வெறும் தாங்கு செல்கள் என்றே ஒதுக்கப்பட்டன.

இன்னொரு பக்கம், குழாய்களை வளர்க்கும் பொருளைத் தேடும் வேலை நடந்துகொண்டிருந்தது. விழித்திரையில் குழாய்கள் பரவும் விதத்தை ஆராய்ந்த ஐசக் மைக்கேல்சன், திசுவுக்குள் பரவும் ஏதோ ஒரு காரணிதான் அவற்றை இழுக்கிறது என்று 1948-இல் எழுதினார். புற்றுக்கட்டிக்கு வரும் குழாய்களைத் தடுத்தால் கட்டி வளராது என்று 1971-இல் ஜூடா ஃபோக்மன் வாதிட்டார். டெனிஸ் கோஸ்போடரோவிச் மாட்டுப் பிட்யூட்டரியிலிருந்தே ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்து 1974-இல் அறிவித்தார். தேடிய பொருள் கிடைத்துவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஒரு புரதம் செல்லைவிட்டு வழக்கமான வழியில் வெளியேற அதன் முனையில் ஒரு குறிப்புத் தொடர் வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்ட் காரணிக்கு அது இல்லை. வெளியே வர வழியில்லாத பொருள் பக்கத்துக் குழாய்க்கு எப்படி ஆணையிடும்? இத்தாலியின் கத்தானியாவில் மருத்துவம் படித்து, சான்பிரான்சிஸ்கோவில் ஆய்வு செய்யவந்த நெப்போலியோனே ஃபெராரா, மாட்டுப் பிட்யூட்டரியின் நட்சத்திரச் செல்களைத் தனியே வளர்த்தார். அவை வளர்ந்த திரவத்தை மேலே விட்டபோது எண்டோதீலியச் செல்கள் பெருகின. ஆக, இந்தச் செல்கள் வெளியே விடும் பொருள் வேறொன்று. இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுதான் என்பேன். கையிலிருந்த விடையோடு ஒத்துப்போகாத ஒரு சிறு உண்மையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

1988-இல் ஜெனன்டெக் நிறுவனத்தில் சேர்ந்த ஃபெராரா, மறு ஆண்டே வில்லியம் ஹென்செலுடன் சேர்ந்து அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். மூலக்கூறு எடை ஏறக்குறைய 45 கிலோடால்டன். இரண்டு ஒத்த துண்டுகள் இணைந்தது. ஹெப்பாரினோடு ஒட்டிக்கொள்ளும், எண்டோதீலியச் செல்களை மட்டுமே தூண்டும். அதே 1989-இல் கோஸ்போடரோவிச்சின் குழுவும் நட்சத்திரச் செல்களிலிருந்து இதே பொருளை அடைந்தது. எலியின் பிட்யூட்டரிக் கட்டிச் செல்களிலிருந்து பிரித்தவர்கள் ‘வாஸ்குலோட்ரோபின்’ என்று பெயரிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் மரபணுவும் படிக்கப்பட்டது. அப்போது இன்னொன்றும் தெளிவானது: 1983-இல் செங்கரும் டிவோரக்கும் கினிப்பன்றிக் கட்டியில் கண்ட, குழாய்களைக் கசியவைக்கும் காரணியும் இதுவே.

1996-இல் வந்த சோதனை இதன் இன்றியமையாமையை நிறுவியது. இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் இழந்த எலிக் கரு கூடப் பிழைக்கவில்லை. காரணியை முடக்கும் எதிர்ப்புரதமான பெவாசிசுமாப், ‘அவாஸ்டின்’ என்ற பெயரில், 2004 பிப்ரவரியில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்க அனுமதி பெற்றது.

பிட்யூட்டரிக்குள்ளேயே இதன் பங்கு இன்னும் முழுதாக அவிழவில்லை. நுண்குழாய்ச் சுவரின் துளைகளை உண்டாக்கவும் காக்கவும் விஇஜிஎஃப் வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. மற்ற உறுப்புகளில் கட்டி வந்தால் குழாய்கள் பெருகும். பிட்யூட்டரிக் கட்டிகளிலோ இயல்பான சுரப்பியைவிடக் குழாய்கள் குறைவாக இருப்பதே வழக்கம். அதனால் இவ்வகைக் கட்டிகளுக்கு அறுவை சிகிச்சையும் மாத்திரையும் கதிர்வீச்சுமே முதன்மை. அவற்றுக்கு அடங்காத சில தீவிரக் கட்டிகளில் மட்டுமே பெவாசிசுமாப் முயன்று பார்க்கப்படுகிறது.

இந்தக் காரணியை முடக்குவதால் கண்ணில் கிடைத்த அளவு பலன் வேறு எந்த உறுப்பிலும் கிடைக்கவில்லை. சர்க்கரை நோயில் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. ஆக்சிஜன் குறைந்த திசு விஇஜிஎஃபைச் சுரந்து தள்ளுகிறது. அது எழுப்பும் புதுக் குழாய்கள் நலிந்தவை. கசிந்து, உடைந்து, பார்வையைக் கெடுக்கின்றன. இத்தகைய கண்களின் உள்திரவத்தில் இந்தக் காரணி மிகுந்திருப்பதை 1994-இல் ஐயெல்லோவின் குழு காட்டியது. சென்னையில் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்துச் சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதத்தினருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது.

புற்றுநோய்க்கு வந்த மருந்தை மிகச் சிறு அளவில் கண்ணுக்குள் செலுத்தலாம் என்று 2005-இல் மயாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்டு காட்டினார். ஒரு கண்ணுக்கு வேண்டியது 0.05 மில்லிலிட்டர், ஒரு குப்பியில் 4 மில்லிலிட்டர் இருக்கிறது. கிருமி படாத அறையில் அதைச் சிறு ஊசிகளாகப் பிரித்தால் செலவு பல மடங்கு குறையும். கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் ஏழைகளுக்கும் இந்தச் சிகிச்சை எட்டியது இதனால்தான். குஜராத்தில் சிலருக்கு ஊசிக்குப் பின் கண் பாதிக்கப்பட்டதால் 2016 தொடக்கத்தில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டு அதை விலக்கிக்கொண்டது. கண்ணுக்கென்றே செய்யப்பட்ட ரானிபிசுமாபின் இந்திய ஒப்புமருந்து ‘ரசுமாப்’ 2015-இல் சந்தைக்கு வந்தது.

தென்மாவட்ட ஆய்வுக்கூடங்களும் இந்தத் துறையில் கை வைத்திருக்கின்றன. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் சங்கிலியாண்டி குருநாதன் குழு, வெள்ளி நானோ துகள்கள் மாட்டு விழித்திரைச் செல்களில் விஇஜிஎஃபின் தூண்டுதலைத் தடுப்பதை 2009-இல் வெளியிட்டது. அது ஆய்வுக்கூட அளவிலான முடிவு, மருந்தாகிவிடவில்லை.

இந்த ஊசி கசிவை நிறுத்தும், புதுக் குழாய்களைச் சுருக்கும். செத்துப்போன விழித்திரையை மீட்காது. பார்வை மங்கிய பிறகு வருபவருக்கு மருத்துவரால் செய்ய முடிவது குறைவு. ஆகவே சர்க்கரை இருப்பவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.