முத்துக்கரையில் ஒரு பழைய துப்பாக்கியின் இரண்டு உபாதைகள்

பழைய ராணுவத் துப்பாக்கிகளோடு பழகியவர்களைக் கேட்டால், அவற்றுக்கு வரக்கூடிய பிணிகள் எத்தனையோ இருந்தபோதிலும் ஆளைக் கவிழ்த்துவிடக் கூடியவை இரண்டே என்பார்கள்: மேகசினில் இருக்கும் தோட்டா ஒழுங்காக அறைக்குள் ஏறாமற் போவது ஒன்று, பார்த்த குறி ஓரிடமும் பட்ட குறி வேறிடமுமாகப் பிசகிப் போவது மற்றொன்று. நம்முடைய காவல் நிலையங்களில் ஏட்டு முதல் பாராக்காரர் வரையில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று பெயரிட்டு அழைத்து வந்த லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்கும் இவ்விரண்டு உபாதைகளும் இருந்தன. தூத்துக்குடி முதல் குலசேகரன்பட்டினம் வரை நீளும் முத்துக்கரையின் சரித்திரத்தை வைத்துக்கொண்டு அவற்றை ஆராய்ந்தால், உப்புக் காற்றினால் விளைந்த கோளாறு பாதியென்றும், நாட்டை ஆண்டவர்கள் வேண்டுமென்றே உண்டாக்கிய கோளாறு மீதியென்றும் விளங்கும். முதலாவது வகைக்கு ஆர்மரர் என்னும் படைக்கலக் கம்மியனிடம் பரிகாரம் இருந்தது; இரண்டாவதற்கு அவனிடம் மருந்து இல்லை.

இக்கரைக்குத் துப்பாக்கி வந்தது முத்தின் பொருட்டே. 1530-களில் சலாபம் என்னும் முத்துக்குளிப்பின் உரிமை குறித்து எழுந்த பூசலில் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாவலை நாடி ஞானஸ்நானம் பெற்றதும், 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றியதும் பலரும் எழுதிவிட்ட சங்கதிகள். இவ்விடத்துக்கு முக்கியமானது 1801-ஆம் வருஷம். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவன் தம்பி ஊமைத்துரை இடிந்துபோன பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினான். அக்காலத்தில் தூத்துக்குடியே அவனுடைய ஆட்களின் வசமாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது நெடிய வேல். துப்பாக்கி சிலருக்கே வாய்த்தது. அந்த வேல்களே கும்பினிப் பட்டாளத்தை அத்தனை நாள் தடுத்து நிறுத்தின என்பதைப் பகைவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மே மாத இறுதியில் கோட்டை விழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சென்னை கவர்னர் வெளியிட்ட பிரகடனத்தின்படி பாளையக்காரர்களின் கோட்டைகள் தகர்க்கப்பட்டு, ஜனங்கள் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. நெல்லைச் சீமையில் துப்பாக்கி என்பது சர்க்காரின் உடைமையென்று ஆனது அன்று முதல்தான்.

ஆயினும் சர்க்காரின் துப்பாக்கியைத் தூக்கி நடந்தவன் சர்க்காரின் ஜாதிக்காரன் அல்லன்; நம்மவன். 1857-ஆம் ஆண்டுக் கலகம் வெள்ளைக்காரர்களின் மனத்தில் விதைத்துச் சென்ற பயம் இந்த ஒரு விஷயத்தில் மிக விசித்திரமான வடிவம் எடுத்தது. என்ஃபீல்டு துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் சுருள்சுருளாக வெட்டப்பட்டிருந்த வரிகளே குண்டைச் சுழல வைத்து நேராகச் செலுத்துபவை. இந்தியச் சிப்பாய்களுக்கென்று தயாரான 1858, 1859-ஆம் ஆண்டு மாதிரிகளில் அவ்வரிகள் இல்லை. குழல் வழவழவென்று விடப்பட்டது. தூரத்துக்குத் தக்கபடி உயர்த்தியும் தாழ்த்தியும் வைத்துக்கொள்ளும் பின்குறிச் சட்டத்தையும் எடுத்துவிட்டு, அசையாத ஒரு சிறு கட்டையை அங்கே பொருத்தினார்கள். குறி பிசகுவது பழுது என்று நாம் நினைக்கிறோம். அதைத் தொழிற்சாலையிலேயே செய்து, முத்திரையும் குத்தி அனுப்பிய ராஜாங்கம் ஒன்று இருந்தது.

பின் வந்த நாற்பது ஆண்டுகளிலும் இதே நீதிதான். வெள்ளைப் பட்டாளத்தார் மார்ட்டினி ஹென்றிக்கு மாறிய பிறகு சிப்பாய்க்கு ஸ்னைடர் கிடைத்தது. அவர்கள் 1888-இல் மேகசின் உள்ள லீ மெட்ஃபோர்டுக்குப் போன பிறகு சிப்பாய்க்கு மார்ட்டினி கிடைத்தது. ஒரு தலைமுறை பின்தங்கிய ஆயுதம் என்பது எழுதப்படாத சட்டமாகவே நிலவிற்று. எழுதப்பட்ட சட்டமோ 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம். அதன்படி இந்தியன் ஒருவன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று, ஐரோப்பியனுக்கோ விலக்கு இருந்தது. சலாபக் காலத்தில் அள்ளிவரும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு என்று பிரித்துக் காவல் போட்ட கரையல்லவா இது? காவலை நம்பிய அளவுக்குக் காவலனை நம்பவில்லை.

ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் தொழில் நடத்திய ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் கற்பனையில் உதித்த இயந்திர அமைப்பே லீ என்ஃபீல்டின் ஜீவன். 1904-இல் கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளிக் கரையில் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1907-இல் அங்கீகரிக்கப்பட்ட ‘மார்க் மூன்று’ என்னும் குட்டைத் துப்பாக்கியும், யுத்த அவசரத்தில் சில உறுப்புகளைக் குறைத்து 1916-இல் வந்த அதன் மறுபதிப்பும் இங்கே லட்சக்கணக்கில் உருவாயின. நம் ஊர்க் காவல் நிலையங்களின் சுவரோரத்தில் சங்கிலி கோத்து நின்றவை பெரும்பாலும் இஷாப்பூரின் சந்ததியே.

இனி உபாதைகளுக்கு வருவோம். .303 தோட்டாவின் அடிப்பாகத்தில் உடலைவிடச் சற்றே அகன்ற விளிம்பு ஒன்று உண்டு. மேகசினில் பத்துத் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கையில், மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் அமர்ந்திருந்தால், போல்ட்டைத் தள்ளியவுடன் மேலே உள்ளது தடையின்றி முன்னே வழுக்கிச் செல்லும். பின்னால் அமர்ந்துவிட்டதோ, விளிம்போடு விளிம்பு மாட்டிக்கொண்டு மேல் தோட்டா கீழ்த் தோட்டாவையும் சேர்த்து இழுக்கப் பார்க்கும். போல்ட் நடுவழியில் நின்றுபோகும். பலசாலியான புதுக் காவலன் ஒருவன் அதை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் சிக்கல் இறுகுமேயன்றி இளகாது. இதற்காகவே ஐந்து தோட்டா கோத்த சார்ஜர் கிளிப்பில் விளிம்புகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, கீழே மூன்று மேலே இரண்டாக, மாற்றி மாற்றி வைக்கும்படி பழக்கினார்கள். அப்படிக் கோத்த கிளிப்பை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் தவறாது. தனித்தனியாகப் போடுகிறவன் ஒவ்வொன்றின் விளிம்பும் முந்தியதற்கு முன்னால் விழுமாறு பார்த்துப் போடவேண்டும். ஆர்மரர் தருகிற பயிற்சியில் பாதி இதுதான் என்று சொல்லலாம்.

பாதகம் இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கிறது. மேகசினின் வாயோரத்தில் உட்புறமாக மடங்கி நிற்கும் தகடுகளே தோட்டாவைப் பிடித்து நிறுத்தி, உரிய தருணத்தில் உரிய கோணத்தில் விடுவிப்பவை. கழற்றிய மேகசின் கைதவறிக் கல்தரையில் விழுந்தால் அத்தகடு ஒரு மயிரிழை விரியும், அல்லது நெருங்கும். விரிந்தால் தோட்டா முன்னதாகவே துள்ளி எழும்பும், நெருங்கினால் எழும்ப மறுக்கும். ஆகையால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதனதன் மேகசினையே பொருத்திச் சரிசெய்து தந்தார்கள். போல்ட்டும் அப்படியே, அதன் கைப்பிடியில் துப்பாக்கியின் எண் வெட்டியிருக்கும். ஒரு பீரோ நிறையத் துப்பாக்கிகளைத் துடைத்துவிட்டு, போல்ட்டுகளையும் மேகசின்களையும் ஒரே குவியலாகக் கொட்டி, கைக்கு வந்ததைக் கைக்கு வந்ததில் மாட்டிவிடுகிற அசட்டுத்தனம் உண்டே, பழைய துப்பாக்கிகளின் தோட்டா ஏறாத வியாதிக்குப் பாதிக் காரணம் அதுவே என்பது என் அபிப்பிராயம். சாந்திக்குச் செய்யவேண்டியது எண்களை ஒத்துப் பார்ப்பதுதான். மருந்து அத்தனை மலிவாக இருப்பதாலேயோ என்னவோ, யாரும் அதை மருந்தாக மதிப்பதில்லை.

பிரிட்டிஷார் இந்த விளிம்பின் தொல்லையை அறியாதவர்கள் அல்லர். ஜெர்மானியர்களின் மௌசர் தோட்டாவுக்கு அகன்ற விளிம்பு கிடையாது. அதைப் பார்த்து 1913-இல் விளிம்பற்ற புதுத் தோட்டாவும் அதற்கேற்ற புதுத் துப்பாக்கியும் பரிசோதனையில் இருந்தன. மறு வருஷம் மகாயுத்தம் வந்துவிட்டபடியால் அம்முயற்சி கைவிடப்பட்டது. அதன் விளைவை மணியாச்சியிலும் சாத்தான்குளத்திலும் இருந்த காவலர்கள் பின்னும் பல பத்தாண்டுகள் சுமந்தார்கள்.

குறியின் விஷயத்தில் கடலுக்கு அதிகப் பங்கு உண்டு. இத்துப்பாக்கியின் குழல் முனைவரை மரக்கட்டையால் மூடப்பட்டிருக்கிறது. முன்கட்டை குழலை எந்த இடத்தில் எத்தனை அழுத்தத்தோடு தொடவேண்டும் என்பதற்குத் தனிக் கணக்கே உண்டு. வடகிழக்குப் பருவக் காற்றில் ஈரத்தைக் குடித்து உப்பியும், சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கியும் கட்டை தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும்போது, அது குழலை ஒரு பக்கமாக நெருக்கத் தொடங்குகிறது. பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, குண்டு மட்டும் நேற்றுப் பட்ட இடத்தில் இன்று படாது. ஆளிவிதை எண்ணெயை மரத்தில் ஊறும்படி தேய்த்து வந்தது அழகுக்காக அல்ல. அப்படியும் பிசகினால் முன்குறியைத் தொடவேண்டியதுதான்: உயரம் வெவ்வேறான முன்குறித் தகடுகளில் ஒன்றை மாற்றிப் போட்டால் குண்டு மேலோ கீழோ நகரும், திருகுடைய ஒரு கவ்வியால் அதைப் பக்கவாட்டில் இம்மி நகர்த்தினால் இடமோ வலமோ நகரும். முன்குறியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் குண்டு போய்ப் படும் என்பதைப் புதியவர்கள் நம்ப மறுப்பார்கள்.

உப்பு உள்ளிருந்தும் வந்தது. அந்நாளைய தோட்டாவின் கேப்பில் இருந்த ரசாயனம் எரிந்தபின் குழலுக்குள் ஒருவகை உப்பைப் படியவைக்கும். அது எண்ணெயில் கரையாது, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒரே இரவில் துருவாகப் பூக்கும். எனவே சுட்டு முடித்தவுடன் வளைந்த மூக்குள்ள புனல் ஒன்றைப் பின்புறம் செருகிக் கொதிக்கும் நீரை ஊற்றிக் கழுவி, கட்டையின் அடிப்பொந்தில் இருக்கும் கயிற்றையும் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்து, நாலங்குலத்துக்கு இரண்டங்குலத் துணியைக் கோத்து இழுத்துத் துடைப்பது விதி. உப்பளங்களின் நடுவே நிற்கும் காவல் நிலையத்தில் அவ்விதியை ஒருநாள் மறந்தவன் மறுநாள் செந்நிறத் துணியைப் பார்ப்பான். வெயிலில் பளபளத்துக் கண்ணைக் கூசவைக்கும் முன்குறியைக் கற்பூரப் புகையில் காட்டிக் கருக்கிக்கொள்வது இங்கிலாந்தில் குறிப்பந்தயக்காரர்களின் வழக்கம். கற்பூரத்துக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டில் அதை அவர்கள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது சற்று வேடிக்கைதான்.

இவ்வளவும் கடற்காற்றின் கைவரிசை. ராஜாங்கத்தின் கைவரிசை என்று முன்னே சொன்னதற்கு மிகத் தெளிவான சாட்சி, இதே இஷாப்பூரில் உருவான .410 மஸ்கெட். லீ என்ஃபீல்டின் குழலில் வரியை நீக்கி அகலப்படுத்தி, .303 தோட்டா பயன்படாதபடி செய்து, மேகசினுக்குள் ஒரு மரத்துண்டை வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரு தோட்டாவைக் கையால் வைத்துச் சுடலாம். அடுத்ததற்கு மறுபடியும் பையைத் துழாவ வேண்டும். சிறைக் காவலர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் அளிக்கப்பட்ட ஆயுதம் இது. கலகக்காரர் பறித்துக்கொண்டு போனாலும் பெரிய தீங்கு விளையாது என்ற யோசனை அதில் இருந்தது. கொடுக்கப்பட்டவனே கலகக்காரன் ஆனாலும் என்ற யோசனையும் இருந்தது.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இக்கரையில் ஏராளம். 1908 மார்ச் 12-ஆம் தேதி வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும், மறுநாள் திருநெல்வேலியில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டதும், தண்டப் போலீஸை நிறுத்தி அதன் செலவை ஜனங்களின் தலையிலேயே கட்டியதும் தெரிந்தவை. இரண்டாயிரம் கஜம் வரை எண் பொறித்த பின்குறிச் சட்டத்துக்குத் தெருக்கூட்டத்தின் முன்னால் என்ன வேலை? 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்துப் பிரௌனிங் கைத்துப்பாக்கியால். சிப்பாய்களின் ஆயுதத்தை ஐம்பது ஆண்டுகளாக அளந்து அளந்து குறைத்துக்கொண்டே வந்த ராஜாங்கம், தானாகவே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ஒரு நவீன ஆயுதத்தை எதிர்ப்பக்கத்தில் சந்திக்க நேர்ந்தது. 1942 செப்டம்பரில் குலசேகரன்பட்டினத்து உப்பளத்துக்குள் நள்ளிரவில் புகுந்த இளைஞர் கூட்டத்தின் நோக்கமும் அங்கிருந்த காவலர்களின் துப்பாக்கிகளைக் கைப்பற்றுவதுதான். அன்று உப்பு இலாகா உதவி இன்ஸ்பெக்டர் லோன் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் குறைக்கப்பட்டு, இருவரும் உயிரோடு விடுதலை பெற்றார்கள்.

சுதந்திரத்துக்குப் பின்னும் இஷாப்பூர் பழைய மாதிரியையே செய்துவந்தது. 1962-இல் சீனத்தோடு நடந்த யுத்தத்துக்குப் பிறகு, அதே உடலை வலுவான எஃகில் வடித்து, விளிம்பு துருத்தாத 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றபடி ‘2ஏ’ என்ற துப்பாக்கியை உண்டாக்கினார்கள். விளிம்போடு விளிம்பு மாட்டும் உபாதை அத்தோடு ஒழிந்தது. அடுத்து வந்த ‘2ஏ1’-இல் பின்குறிச் சட்டத்தின் இரண்டாயிரம் என்ற எண்ணையும் 800 மீட்டராகக் குறைத்துக்கொண்டார்கள். ஆயினும் அநேக மாநிலங்களில் காவலர்களுக்கு வாய்த்தது பழைய .303-தான். 2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளோடு வந்தவர்களை எதிர்கொண்ட காவலர்களிடம் இருந்ததும் அதுவே. உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020 குடியரசு தின அணிவகுப்போடு அதற்கு விடை கொடுத்தார்கள்.