குமிழ் யார் கையில்?

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால், வானத்தோடு ஒட்டி நீலநிறமாய்த் தோன்றுவது கல்வராயன் மலை. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் மலை அது. பெயரைக் கண்டு அவர்களைக் கேரளத்தார் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் பேசுவது தமிழே. நாடு விடுதலை பெற்ற பின்னும் அம்மலை ஜாகிர்தார்களின் பிடியிலேயே இருந்து, 1976ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது.

வீட்டில் இசை கேட்கும் கருவியைப் பற்றிப் பேச வந்தவன் மலையைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று மாணவ நேயர்கள் கேட்கலாம். ஒரு கருவி உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது கருவியை மட்டும் பொறுத்ததன்று. அது இருக்கும் வீட்டில் மின்சாரம் உண்டா, அதன் குமிழ் யார் கைக்கு எட்டுகிறது என்பவற்றையும் பொறுத்தது.

மெலிந்த மின்னலையை ஒலிபெருக்கியை இயக்கும் அளவுக்கு வலுப்படுத்துவதே ஆம்ப்ளிஃபயரின் வேலை. இதற்கு வழி திறந்தவர் 1906இல் மூன்று மின்வாய்களைக் கொண்ட வால்வை ஆக்கிய அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட். வால்வு ஒலியைப் பெருக்கியது; கூடவே அதைத் திரிக்கவும் செய்தது. 1927இல் ஹரால்டு பிளாக் என்னும் பொறியியலாளர், படகில் வேலைக்குச் செல்லும் வழியில் இதற்கு ஒரு தீர்வு கண்டு, கையிலிருந்த செய்தித்தாளின் மேலேயே குறித்துக்கொண்டார். வெளிவரும் அலையில் ஒரு சிறு பங்கைத் திருப்பி, எதிர்முகமாக உள்ளே செலுத்தினால் பிழை தானே குறையும் என்பது அவர் கருத்து. இதனைப் பயன்படுத்தி வில்லியம்சன் என்பவர் 1947இல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்ட 15 வாட் ஆம்ப்ளிஃபயர், திரிபை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது. மூல ஒலிக்கு உண்மையாக இருத்தல், அதாவது ஹை-ஃபை, வீட்டுக்குள் புகுந்த காலம் அது.

ஆனால் அந்த உண்மைக்கு விலை உண்டு. அதன் இறுதி வால்வுகள் இரண்டின் இழைகளைச் சூடேற்றி வைப்பதற்கே ஏறத்தாழ 16 வாட் செலவாகும். பாடுவதற்கு 15, குளிர் காய்வதற்கு 16! மின்கம்பி எட்டாத ஊரில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. அத்தகைய ஊர்களுக்கென வந்த பாட்டரி வானொலிப் பெட்டிகளுக்கோ இழைக்கு ஒன்றும் உயரழுத்தத்துக்கு ஒன்றுமாக இரு வகை பாட்டரி வேண்டியிருந்தது. பின்னது 90 வோல்ட் அளவினது. தீர்ந்தால் புதிது வாங்க வேண்டும். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டருக்கு இழையும் இல்லை, சூடேற்றலும் இல்லை. டிரான்சிஸ்டர் வானொலி 1954 முதல் கடைக்கு வந்தது. கைவிளக்குக்கு இடும் பாட்டரியே அதற்குப் போதும். இசைச் சுவைஞர் சிலர் இன்றும் வால்வின் ஒலியையே இனிது என்பர்; அச்சுவையை நான் மறுக்கவில்லை. மலைமேல் இருந்த வீட்டுக்கு எது உதவியது என்று கேட்டால் விடை டிரான்சிஸ்டர்தான். மின்னோட்டத்தை மிக விரைவாக விட்டுவிட்டுச் செலுத்தும் இன்றைய 'டி' வகுப்பு ஆம்ப்ளிஃபயர்கள் இன்னும் சிக்கனமானவை.

வாட் எண்ணைக் கண்டு மயங்குவோரும் உளர். 10 வாட்டுக்குப் பதில் 20 வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஒலி இருமடங்காகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஒலிக் குமிழும் காதின் இந்த இயல்புக்கு ஏற்பவே மடக்கை முறையில் அமைக்கப்படுகிறது.

இனி, அந்தக் குமிழுக்கு வருவோம். 1924இல் சென்னையில் வானொலிக் கழகம் ஒலிபரப்பியபோதும், 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டபோதும், பெட்டி வாங்க இயன்றவர் சிலரே. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. பின்னர் ஊராட்சிகளில் பொது வானொலிப் பெட்டிகள் வந்தன. ஊர் முழுதும் கேட்டது. குமிழைத் திருப்பியவர் ஒருவர். என்ன கேட்பது, எவ்வளவு உரக்கக் கேட்பது என்பது கேட்பவர் கையில் இல்லை.

வசதி படைத்த வீடுகளில் குமிழ் பெட்டியை விட்டே பிரிந்தது. ஃபில்கோ நிறுவனம் 1939இல், தொலைபேசியில் உள்ளதுபோன்ற சுழல்வட்டு பொருத்திய சிறு பெட்டியால், கம்பியின்றியே வானொலியை இயக்கிக் காட்டியது. தொலைக்காட்சிக்கென ஜெனித் நிறுவனம் 1950இல் கம்பி வழியாகவும், 1955இல் ஒளிக்கற்றையாலும் இயங்கும் கருவிகளைச் செய்தது. விளம்பரத்தின் வாயை அடைக்கலாம் என்பதே பின்னதன் கவர்ச்சி! ஆனால் வெயில் பட்டாலும் அது தானே இயங்கியது. மறு ஆண்டில் ராபர்ட் ஆட்லர், சிறு சுத்தியல் தட்டும் அலுமினியத் தண்டுகளின் செவிக்கெட்டா ஒலியால் அக்குறையைப் போக்கினார். அதற்கு பாட்டரியும் வேண்டியதில்லை. இன்று அகச்சிவப்புக் கதிரும், புளூடூத்தும், வைஃபையும் அந்த வேலையைச் செய்கின்றன. கதிர் சுவரைக் கடவாது. கைப்பேசிச் செயலியை நம்பும் கருவிகளுள் சில இணையம் நின்றால் செயலற்றுப் போகும். ஆகவே மலையூர்களில் வாங்குவோர், முகப்பில் ஒரு திருகு குமிழும் உள்ள கருவியையே தேர்வது நலம்.

குமிழே இல்லாமல் கேட்பவரும் இன்னும் இருக்கின்றனர். பங்குனித் திருவிழாவும் பொதுத்தேர்வும் அடுத்தடுத்து வருகின்றன. தெருக்கோடியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியை, உள்ளே படிக்கும் மாணவன் எந்தக் கருவியாலும் குறைக்க இயலாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுத்துள்ளன. விழா நாட்களில் நள்ளிரவு வரை விலக்களிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாது.