நம் நாவிலுள்ள சரித்திரம்

சரித்திரம் என்றவுடன் நம்மவருள் பெரும்பாலோர் முடியரசர்களையும் போர்க்களங்களையும் கவர்னர்களின் பெயர்களையுமே நினைக்கின்றனர். பள்ளிக்கூடத்தில் அவ்வாறே கற்பிக்கப்பட்டமையால் அவர்களைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆயினும், தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் சாதாரண மக்கள் வினவும் வினாக்கள் வேறு வகையின. காசை ஏன் 'வெள்ளி' என்கிறோம்? ரப்பருக்குக் 'கித்தா' என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? சிங்கப்பூர்த் தேவாலயச் சுவரில் முட்டையின் வெண்கரு கலந்திருப்பது மெய்தானா? துரையைக் கண்டதும் பாட்டனார் சைக்கிளை விட்டு இறங்கியது ஏன்? பாட்டியார் மரவள்ளிக் கிழங்கைக் கண்டு முகஞ் சுளிப்பது ஏன்?

இவை அற்ப வினாக்கள் என்று படித்தவர் சிலர் புறக்கணிப்பர். நாம் அங்ஙனம் கருதவில்லை. இந்நாட்டில் நம்மவர் வாழ்ந்த வாழ்வைப் பற்றி நம்மவரே எழுதிவைத்த ஏடுகள் மிகச் சில. எஞ்சிய சாட்சியங்கள் சொல்லிலும் சுவரிலும் சோற்றிலும் கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

முதலில் வெள்ளியைப் பார்ப்போம். ஸ்பெயின் நாட்டாரும் பின்னர் மெக்ஸிகோ நாட்டாரும் அடித்த பெரிய வெள்ளி நாணயங்களே மலாக்கா நீரிணைத் துறைமுகங்களில் நெடுங்காலம் கைமாறி வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் கணக்கை ரூபாயில் எழுதினர். கடைவீதியோ டாலரையே கைவிடாது பற்றி நின்றது. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்தினின்றும் பிரிந்து லண்டனின் நேர் ஆட்சிக்கு உட்பட்டபோது, டாலரே சட்டபூர்வமான நாணயமாயிற்று. அந்நாணயத்தின் விளிம்பு பல் பல்லாக வெட்டப்பட்டிருந்தமையால் மலாய்க்காரர் அதனை 'ரிங்கிட்' என்றனர். நம்மவரோ அதன் உலோகத்தைப் பார்த்து 'வெள்ளி' என்றனர். நாணயம் காகிதமாகி, 1975இல் ரிங்கிட் என்பதே மலேசிய நாணயத்தின் ஒரே உத்தியோகப் பெயராகிய பின்னரும், நம் வாயில் வெள்ளி நிலைத்துவிட்டது.

அந்த ஒரு வெள்ளியைச் சம்பாதிக்க எத்தனை நாள் உழைக்க வேண்டியிருந்தது என்பதையும் கேட்க வேண்டும். 1928இல் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஆகவே ஒரு வெள்ளிக்கு ஆண் 2 நாளும் பெண் இரண்டரை நாளும் உழைத்தனர். 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலியில் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. அதன்பின் ஆணுக்கு இரண்டரை நாளும் பெண்ணுக்கு 3 நாளுக்கு மேலும் ஆயின. இக்கணக்கை எந்த நாணயத்திலும் பொறித்து வைக்கவில்லை.

இனிக் கித்தாவின் கதை. 'கெத்தா' என்பது மரத்தினின்று வடியும் பாலுக்கும் பிசினுக்கும் மலாய்மொழியில் வழங்கும் பெயர். அதுவே நம் நாவில் கித்தாவாயிற்று. பால் ஏந்தும் 'மங்கு' மலாய்க்காரரின் மங்கோக்கு. 'கிராணி'யார் அவர்தம் கெராணி. விடியுமுன் பெயர் கூப்பிடும் 'பெரட்டு' ஆங்கிலப் 'பரேடு'. படைவீரரை வரிசையில் நிறுத்தும் சொல் தொழிலாளரை வரிசையில் நிறுத்த வந்தது என்பதைக் கவனிக்க.

நாம் பிறர் சொல்லை வாங்கியது போலவே பிறரும் நம்மிடம் வாங்கியுள்ளனர். மலாய்மொழியிலுள்ள கெடாய் நமது கடை. காப்பால் நமது கப்பல். மோடால் நமது முதல். காத்தில் நமது கட்டில். செருத்து நமது சுருட்டு. கறியும் ஆப்பமும் பெரிதும் உருமாறாமலே அவர்கள் அடுப்பங்கரைக்குச் சென்றன.

இவ்விரு பட்டியலையும் அருகருகே வைத்து நோக்குமின். கப்பல், கடை, முதல் என நாம் கொடுத்த சொற்கள் வணிகனுடையவை. கித்தா, மங்கு, கிராணி, பெரட்டு என நாம் வாங்கிய சொற்கள் தோட்டத் தொழிலாளியுடையவை. நம்மவர் இந்நாட்டிற்கு ஒரே கோலத்தில் வரவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ரப்பர் நாற்று சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்திற்கு வந்தது 1877இல். அதற்கு 366 ஆண்டுகட்கு முன், 1511இல், போர்த்துக்கேயர் மலாக்காவைப் பிடித்தபோதே அங்கே தென்னிந்திய வணிகர் செல்வாக்குடன் விளங்கினர். அவர்வழி வந்த மலாக்காச் செட்டிகள் இன்று மலாய் பேசுகின்றனர். 1781இல் எழுந்த அவர்கள் கோயில் இன்றும் நிற்கின்றது. "நீங்கள் ரப்பர் வெட்ட வந்தவர்கள்தாமே?" என்று கேட்போர்க்கு, வெட்டவும் வந்தோம், அதற்குமுன் விற்கவும் வந்தோம் என்பதே விடை. வெட்ட வந்ததும் தாழ்வன்று. அவ்வுழைப்பில் இந்நாடு எழுந்தது.

அடுத்து வெண்கரு. சிங்கப்பூரில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1856இல் கட்டத் தொடங்கப்பெற்று 1862இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் உட்சுவர்ப் பூச்சிற்குச் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, முரட்டுச் சர்க்கரை ஆகியவற்றைப் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்துக் குழைத்தனர். காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். ஆகவே கேள்விப்பட்டது மெய்யே. 'மதராஸ் சுண்ணம்' என்று ஆங்கிலேயர் அழைத்த இவ்வித்தை சென்னைப் பக்கத்துக் கொத்தர்களுடையது.

கட்டியவர் யார்? இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட இவர்கள் சாலை போட்டனர்; சதுப்பைத் தூர்த்தனர்; செங்கல் சுட்டனர்; கவர்னர் மாளிகையையும் எழுப்பினர். 1873இல் அந்த ஏற்பாடு முடிவுற்றது. மாளிகையில் வாழ்ந்த கவர்னர்களின் பெயர்கள் வீதிகளுக்குச் சூட்டப்பட்டுள்ளன. சுவரைத் தேய்த்து மெருகேற்றிய கைகளின் பெயர் எந்தச் சந்துக்கும் இல்லை.

சைக்கிள் விஷயத்திற்கு வருவோம். துரை எதிரே வந்தால் தமிழ்த் தொழிலாளி வண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது தோட்டங்களில் வழக்கமாயிருந்தது. சட்டப் புத்தகத்தில் இல்லாத இவ்விதி, சட்டத்தினும் கடுமையாக அமலில் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பெண்களை மானபங்கம் செய்வோரிடமிருந்து பாதுகாப்பு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியனவும் கேட்கப்பட்டன. தங்கள் கூலியைக் கரைக்கும் கடையைத் தாங்களே மூடச் சொன்ன மக்களை அறியாதவர் என்று யார் கூறத் துணிவர்? கிடைத்த மறுமொழி துப்பாக்கி. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார், பட்டாளம் வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். இன்று நம் பிள்ளைகள் எவரைக் கண்டும் இறங்காமல் சைக்கிளோட்டிச் செல்வது தானாக வந்த சுகமன்று.

இறுதியாக மரவள்ளி. மலாயா உண்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமான பின் கப்பல் வரத்து சுருங்கிற்று; சோறு கனவாயிற்று. 1945 வரை மரவள்ளியே காலை உணவும் இரவு உணவுமாயிற்று. அதே காலத்தில் தோட்டங்களினின்றும் பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1942–43இல் போடப்பட்ட ஏறத்தாழ 415 கிலோமீட்டர் பாதை அது. காலராவும் பசியும் அடியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாய்க் கொன்றன. அங்கே மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. நம்மவர் காட்டிலேயே மண்ணாயினர். பாட்டியார் தட்டை ஒதுக்குவது நாச்சுவையால் அன்று. அக்கிழங்கோடு யார் யாரோ நினைவுக்கு வருகின்றனர். அவரைக் கடிந்து கொள்ளாமல், யார் என்று மெல்லக் கேட்பதே முறை.

தோழர்களே! இவ்வினாக்களைப் பொழுதுபோக்கென்று எண்ணற்க. 1969க்குப் பின் மலேசியாவில் குடியுரிமையில்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறல் வேண்டும் என்னும் விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபோது, அதனைப் பெறாத பல்லாயிரம் தோட்டத் தமிழர் கப்பலேற நேர்ந்தது. அவர்தம் வியர்வை இம்மண்ணில் இருந்தது. உரிமையை நாட்டும் பத்திரம் கையில் இல்லை. எழுத்தில் இல்லாத வாழ்வு இல்லாத வாழ்வாகவே எண்ணப்படும் என்பதை அவர்கள் கதை காட்டுகின்றது.

இன்று தோட்டங்கள் பலவும் வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. கித்தா நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. லயம் இடிபட்டால் அதனோடு பெரட்டுக் களமும், அதன் பெயரும், அப்பெயரின் காரணம் அறிந்தவரும் கலைந்து போகின்றனர். 1960இல் தோட்டத் துண்டாடலைத் தடுக்க, துன் சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் கண்டு தோட்டங்களை வாங்கினர். நிலத்தைக் காக்க அவர்கள் செய்ததை நினைவைக் காக்க நாம் செய்தல் வேண்டும். அதற்கு வெள்ளியும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டிலுள்ள முதியவர் எந்த ஊரினின்று, எந்தக் கப்பலில், எந்த ஆண்டு வந்தவர்? எந்தத் தோட்டத்தில் எத்தனை நிரை வெட்டினார்? எதை உண்டார், எதை உண்ண மறுத்தார்? கேட்டு எழுதுக. கேட்கும் பிள்ளையை "உனக்கேன் இந்த வம்பு?" என்று அதட்டாதிருக்க. கேட்கப்படாத வினாவுக்கு விடை சொல்லும் முதியவர் என்றும் காத்திருக்க மாட்டார்.