வாயு இல்லையா, கருவி செத்துப்போச்சா?

எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவியில் சைபர் தெரிகிறது. இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். காற்று சுத்தமாக இருக்கிறது, அல்லது கருவிக்கு உயிர் போய்விட்டது. பார்க்கிறவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். இந்தக் குழப்பம் எப்போது வந்தது என்று பின்னோக்கித் தேடினால் விடை கொஞ்சம் விசித்திரமானது. கருவிகள் நன்றாக முன்னேறிய பிறகுதான் வந்தது.

1812 மே 25 அன்று வடகிழக்கு இங்கிலாந்தில் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 92 பேர் இறந்தார்கள். நிலக்கரிப் படுகையிலிருந்து கசியும் மீத்தேன்தான் காரணம். சுரங்கத்துக்காரர்கள் அதை ஃபயர்டாம்ப் என்பார்கள். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம்வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். 1815-ல் ஹம்ஃப்ரி டேவி இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தபோது, ஹெபர்ன் சுரங்கத்து வாயுவையே பாட்டில்களில் பிடித்து லண்டனுக்கு அனுப்பச் சொல்லிச் சோதித்தார். அனுப்பிவைத்தவர் ஜான் ஹாட்ஜ்சன் என்ற பாதிரியார். ஃபெல்லிங்கில் இறந்தவர்களில் பலரை அடக்கம் செய்தவரும் அவர்தான்.

டேவி விளக்கின் கம்பிவலை, சுடர் வெளியே பரவாமல் தடுப்பதற்காக வந்தது. ஆனால் அந்த விளக்கே வாயுவை அளக்கவும் பயன்பட்டது. திரியைத் தாழ்த்தினால், மீத்தேன் இருக்கும் இடத்தில் சுடரின் மேல் வெளிறிய நீலத் தொப்பி ஒன்று எழும். அதன் உயரத்தை வைத்து எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுவார்கள். 1 சதவீதத்துக்குக் கீழே கண்ணுக்குப் பிடிபடுவது கஷ்டம். ஆனால் ஒண்ணு கவனியுங்க: சுடர் எரிகிறதா இல்லையா என்பது கண்ணெதிரே தெரியும். செத்த விளக்கு "வாயு இல்லை" என்று பொய் சொல்லாது. (கானரிப் பறவையையும் இங்கே சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. அது கார்பன் மோனாக்சைடுக்காக, வேறு கதை.)

பிரச்சினை கண்ணில்தான் இருந்தது. நீ பார்க்கிற 2 சதவீதமும் நான் பார்க்கிற 2 சதவீதமும் ஒன்றா? 1890-களில் நாட்டிங்ஹாம் பேராசிரியர் ஃபிராங்க் குளோஸ் ஒரு சோதனைப் பெட்டி செய்தார். அளந்த வாயுவை அளந்த காற்றோடு அதில் கலந்து, விளக்கை உள்ளே வைத்து, தொப்பி எவ்வளவு எழுகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது. தெரிந்த அளவைக் காட்டி, கருவி என்ன சொல்கிறது என்று கேட்பது. இன்றைய காலிப்ரேஷனும் இதுவேதான்.

1920-களில் கதை சுரங்கத்தை விட்டு எண்ணெய்க் கப்பலுக்குப் போகிறது. கலிஃபோர்னியா ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் ஆலிவர் ஜான்சன், கப்பல் தொட்டிகளில் தங்கும் எண்ணெய் ஆவியைக் கண்டுபிடிக்க, சூடான பிளாட்டினக் கம்பியைப் பயன்படுத்தினார். ஆவி கம்பியின் மேல் எரியும், சூடு ஏறும், கம்பியின் மின்தடை கூடும், முள் நகரும். பிறகு பிரிட்டனின் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தில் ஆலன் பேக்கர் இதையே குட்டி மணியாக்கினார். கம்பிச்சுருளைச் சுற்றிப் பீங்கான், அதன் மேல் வினையூக்கிப் பூச்சு. பெயர் பெல்லிஸ்டர். பக்கத்தில் வாயுவுக்கு அசையாத இன்னொரு மணி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் திரையில் வரும் எண்.

ஆபத்து இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் யாரோ சிலிக்கோன் ஸ்பிரே அடித்தாலே பூச்சு மூடிக்கொள்ளும். ஈயம் கலந்த பெட்ரோல் ஆவியும் அப்படித்தான். மணியில் மின்சாரம் ஓடும், பேட்டரி ஃபுல், லைட் பச்சை. ஆனால் மேலே எதுவும் எரியாது. இரண்டு மணிக்கும் வித்தியாசம் இல்லை, அதனால் சைபர். ஆக்சிஜன் போதாத அளவுக்கு வாயு நிரம்பிவிட்டாலும் எண் ஏறிவிட்டுத் திரும்ப இறங்கும். அதுவும் இதே ரகம்.

அதனால்தான் தெரிந்த வாயுவைக் கொஞ்சம் காட்டிப் பார்க்கும் பம்ப் டெஸ்ட். அளவும் சரியா என்று திருத்துவது காலிப்ரேஷன். இதற்குக் காற்றில் 2.5 சதவீத மீத்தேன் கலந்த சிலிண்டர் வழக்கமானது. அது வெடிக்கும் கீழ் எல்லையில் சரிபாதி. அமெரிக்க நிலக்கரிச் சுரங்க விதிப்படி, இயந்திரங்களில் பொருத்திய மீத்தேன் கருவியை 31 நாளுக்கு ஒருமுறையாவது இப்படித் திருத்தியாக வேண்டும்.

சிலர் சிகரெட் லைட்டரைத் திறந்து கருவி முன்னால் பிடிப்பார்கள். "கத்துது, ஓகே." என் பார்வையில் இது டெஸ்ட் பண்ணாமல் இருப்பதைவிட மோசம். லைட்டரில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். மீத்தேன் லேசில் எரியாத மூலக்கூறு. பூச்சு கெட ஆரம்பித்தால் முதலில் மறைவது மீத்தேனைப் பிடிக்கும் திறன்தான். பியூட்டேனுக்குக் கத்துகிற கருவி மீத்தேனுக்கு ஊமையாக இருக்கலாம். மேலும், கொட்டுகிற வாயு எத்தனை சதவீதம் என்று யாருக்கும் தெரியாது. குளோஸ் பெட்டி செய்ததே அதைத் தெரிந்துகொள்ளத்தான்.

இப்போது அகச்சிவப்புக் கருவிகள் இருக்கின்றன. ஒளி அணைந்தால் அதுவே பழுது என்று காட்டிவிடும். அந்த ஒரு விஷயத்தில் டேவி விளக்கின் சாதி. சிலிக்கோனும் அதன் உணரியை விஷமாக்காது. ஆனால் ஹைட்ரஜன் அதன் கண்ணில் படாது. பெல்லிஸ்டர் இன்னும் வேலையில் இருப்பதற்கு அது ஒரு காரணம்.