சூக்கெரோவும் எங்கள் பல்லும்

பள்ளிக்கூடத்தில் நீங்கள் எழுதும் 'சூக்கெரோ'வும் பொங்கலுக்கு அம்மா வாங்கும் 'சர்க்கரை'யும் ஒரே சொல்லின் பிள்ளைகள். சமஸ்கிருதத்து 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆகி, அரேபியரோடு சிசிலிக்கு வந்தது. கரும்பும் கூடவே வந்தது. 831இல் பலெர்மோ அவர்கள் கைக்குப் போனபிறகு, நகரைச் சுற்றிய சமவெளியில் வாய்க்கால் வெட்டிக் கரும்பு நட்டார்கள். (வெள்ளையாக இருப்பதை வீட்டில் 'சீனி' என்கிறோமே, அது சீனாவின் பெயர். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.)

எனக்குப் பிடித்த ஆவணம் 1239இல் எழுதப்பட்ட ஒரு கடிதம். பேரரசர் இரண்டாம் ஃபெடெரிக்கோ, கிழக்கு மத்தியதரைக் கரையில் இருந்த தன் அதிகாரிக்கு எழுதியது. சீனி காய்ச்சத் தெரிந்த இரண்டு பேரைத் தேடிப் பலெர்மோவுக்கு அனுப்பு, இந்தத் தொழில் இங்கே அழிந்துவிடக் கூடாது என்று கேட்கிறார். என்னைப் போன்ற கணினிக்காரருக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம்: வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது! ஆனால் சிசிலியின் முஸ்லிம்களைத் தீவிலிருந்து லுச்சேராவுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றியவரும் இதே பேரரசர்தான். வேலை தெரிந்தவர்களை விரட்டிவிட்டு, பிறகு வேலை தெரிந்தவரைத் தேடுகிறார்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கே கரும்பாலைகள் நிறைய இருந்தன. பலெர்மோவுக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கும் திராப்பெத்தோ என்ற ஊரின் பெயரே ஆலையைத்தான் சொல்கிறது. அப்போது சீனி விலைகூடிய சாமான்; மருந்துக்கடையில் விற்றார்கள். பிறகு மதெய்ராவிலும் பிரேசிலிலும் அடிமைகளை வதைத்து மலிவாகச் சீனி எடுக்கத் தொடங்கியதும் சிசிலியின் ஆலைகள் படுத்துவிட்டன. சீனி ஏழை வீட்டுக்கும் வந்தது, பல்லுக்குத் தொல்லையும் வந்தது.

நவம்பர் 2ஆம் திகதி பலெர்மோவில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சீனிப் பொம்மையை உங்களுக்குத் தெரியும். செத்துப்போன உறவினர் இரவில் வந்து வைத்துவிட்டுப் போவதாக நம்பிக்கை. முழுக்க முழுக்கச் சீனி. ஆனால் பல்லின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பெரிய எதிரி இல்லை, வருடத்துக்கு ஒருமுறைதானே. இதைச் சொல்லத் துணிவு தருவது சுவீடனில் நடந்த ஒரு கொடுமை. லுண்ட் நகரின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்குப் பல்லில் ஒட்டும் டொஃபிகளை வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டோடு சீனி எடுத்தவர்களுக்குப் பெரிய கேடு இல்லை. சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் இனிப்பைத் தின்றவர்களின் பற்கள் மோசமாகச் சொத்தையாகின. எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே முக்கியம் என்று அதிலிருந்துதான் உலகம் அறிந்துகொண்டது. வாயிலுள்ள கிருமி ஒவ்வொரு முறையும் சீனியை அமிலமாக்குகிறது. அதை எச்சில் சரிசெய்ய அரை மணித்தியாலம் போல ஆகும். பையில் போத்தலை வைத்துக்கொண்டு பின்னேரம் முழுக்க உறிஞ்சினால் எச்சிலுக்கு ஓய்வே கிடையாது.

அம்மம்மாமார் ஊரில் தேத்தண்ணியோடு பனங்கட்டி கடித்தவர்கள்தான். ஆனால் நேரத்துக்குத்தான் கடித்தார்கள், காலையில் வேப்பங்குச்சியால் பல்லும் தீட்டினார்கள். குச்சியை மென்று நாராக்கினால் அதுவே தூரிகை. அரேபியரின் மிஸ்வாக்கும் அப்படித்தான். அந்த மரம் தமிழில் உகாய். உமிக்கரியை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன், பல்லின் மேற்பூச்சை அது அராவிவிடும். ஃபுளோரைட் கலந்த பற்பசையால் இரண்டு நேரம், முரசோரத்தையும் சேர்த்து மெதுவாகத் தீட்டினால் போதும். இரவில் தீட்டுவதைத் தவறவிடாதீர்கள்.

1980களில் இங்கே வந்து வீட்டுவேலை செய்த எங்கள் பெற்றோர் பலர், பல்லுக்குத்து வந்தால் கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனவர்கள். கராம்பு வலியை மரக்கச் செய்யும், சொத்தையை நிறுத்தாது. தனியார் பல்வைத்தியருக்குக் காசு வேண்டும். இத்தாலியில் 14 வயதுவரை பிள்ளைகளின் பல்லைக் கவனிப்பது அரச மருத்துவச் சேவையின் பொறுப்பு. இது தெரியாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. தம்பி தங்கச்சி இருந்தால் அவர்களுடைய பிள்ளை வைத்தியரிடம் கேளுங்கள். இத்தாலியனில் கதைத்து நாள் எடுக்க வேண்டியவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.