கிராம சபை சொன்னா டாஸ்மாக் கடையை மூடணுமா? மலை ஊர்களுக்கு சட்டம் என்ன சொல்லுது?

திருப்பத்தூர் மாவட்ட ஜவ்வாது மலையில் இருக்கு நெல்லிவாசல்நாடு ஊராட்சி. மலையாளி பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதி. இப்படி ஒரு மலை ஊரில் "மதுக்கடை வேணாம்"னு கிராம சபை தீர்மானம் போட்டா என்ன நடக்கும்?

தூரம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம். அந்த ஆண்டு வந்த விதிகள்படி, ஊராட்சிப் பகுதியில் வழிபாட்டுத் தலம், பள்ளி, கல்லூரியிலிருந்து 100 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. மாநகராட்சி, நகராட்சியில் இது 50 மீட்டர்.

ஊருக்கு ஊர் ஏன் சண்டை?

உச்ச நீதிமன்ற உத்தரவால் 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலையோரக் கடைகள் மூடப்பட்டன. அவற்றை ஊருக்குள் மாற்றப் பார்த்தபோது பல ஊர்களில் பெண்கள் மறியலில் இறங்கினர். ஒரு ஊர் விரட்டிய கடை அடுத்த ஊர் எல்லைக்குப் போனால், பிரச்சனையும் கூடவே போகும்.

பழங்குடி ஊர்களுக்குத் தனிச் சட்டம் இல்லையா?

இருக்கு. 1996-ல் வந்த பெசா சட்டம், மது விற்பனையைத் தடுக்க, கட்டுப்படுத்த கிராம சபைக்கு அதிகாரம் தருது. ஆனா அது அரசியலமைப்பின் 5-வது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். ஜார்க்கண்ட், ஒடிசாவில் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒண்ணுகூட இல்லை.

அப்போ என்ன வழி?

தீர்மானம் போட்ட உடனே கடை தானாக மூடாது. தீர்மான நகலோடு கலெக்டரிடம் மனு கொடுக்கலாம், அடுத்தது ஐகோர்ட். 100 மீட்டர் விதி மீறப்பட்டிருந்தா, அந்த அளவையும் மனுவில் சேர்ப்பது முக்கியம்.